தொடைக்கடியில் கைகள்

"ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு எப்சிபா டீச்சர் பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள். பிரமு அப்படியே உட்கார்ந்தாள். பெஞ்சில் ஒரு ஆணி லேசாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது, சரியாக வலது உள்ளங்கைக்கு நேராக. இருக்கட்டும், குத்தட்டும், குத்தினால்தானே கை அங்கே இருக்கிற நினைப்பு இருக்கும். ஒரு மணி நேரம் எந்திரிக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, சாடை காட்டக் கூடாது. எந்திரித்தால் சஞ்சனாவுக்கு இங்கே இடம் இல்லை. இதை டீச்சர் போன வாரமே பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள். "பிள்ளைக்கு வருமா வராதான்னு நான் பாக்கலம்மா. எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது ஒண்ணு வரும். நீங்க சும்மா இருப்பீங்களான்னுதான் பாக்கேன். அம்மா நடுவுல வந்துட்டா இந்தப் பாடம் ஓடாது. இன்னும் ஒரு தடவ வாங்க. அன்னைக்கும் எந்திரிச்சா நான் வேற பிள்ளையத்தான் கூப்பிடணும், கோவிச்சுக்கிடாதிய." போன வாரம் எந்திரித்தது எதற்காக? ஒரு சொட்டு எச்சிலுக்காக. சஞ்சனாவின் தாடையில் அது தொங்கிக்கொண்டு நின்றது, விழவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. பிரமு பார்த்துக்கொண்டே இருந்தாள். கை போய்விட்டது, கையோடு காலும் போய்விட்டது, முந்தானையால் துடைத்து முடித்த பிறகுதான் தான் பெஞ்சில் இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. சும்மா இருப்பது அவ்வளவு லேசு என்று யார் சொன்னது? சும்மா இருந்து பழகினவர்களுக்கு லேசு. அவளுக்கு வாய்த்த சொந்தபந்தங்கள் எல்லாம் அதில் கெட்டிக்காரர்கள், ஆறு வருஷமாகச் சும்மாதான் இருக்கிறார்கள்.

கூடம் பெரிசு இல்லை. பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு, முன்னறைச் சுவரை இடித்து ஒன்றாக்கியிருந்தார்கள். இடித்த இடத்தில் தரையில் கோடு மாதிரி வேறு நிறத்தில் சிமென்ட். நாலு பிள்ளைகளுக்கு நாலு மரக்கட்டில்கள், மெத்தை கிடையாது, ஏணியைப் படுக்கப் போட்டது போலக் குறுக்குச் சட்டம் சட்டமாக, சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். போன வாரம் பார்த்தபோது இதென்ன கட்டில், பிள்ளைக்கு வலிக்காதா என்றுதான் இருந்தது. இப்போது சஞ்சனா அந்தக் கட்டிலை ஒட்டி ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், பின்னால் யாரும் பிடிக்காமல், முன்னால் சட்டத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு. ரெட்டைச் சடை, ஒன்று ஏற்கனவே அவிழ ஆரம்பித்துவிட்டது. பின்னிவிட வேண்டியதுதான், ஒரு நிமிஷம் ஆகாது. வேண்டாம். அவிழட்டும். டீச்சர் சொல்லச் சொல்ல நாலு பிள்ளைகளும் கூடவே சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும், அதுதான் பாடம். "நான் கைய நீட்டுதேன், நீட்டுதேன், நீட்டுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." அஞ்சுக்குள் நீட்ட வேண்டும் என்று இல்லை. நீட்டுகிற வரைக்கும் மறுபடி மறுபடி எண்ணுவார்கள். எண்ணிக்கை கைக்காகக் காத்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹ்மத்து, மேலப்பாளையத்துக்காரி, ஆறு மாதமாக மகன் யாசினைக் கூட்டிக்கொண்டு வருகிறவள், அவளும் உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கைகளும் தொடைக்கடியில்தான். ஆனால் அவள் தோள் தளர்ந்து இருந்தது. பிரமுவின் தோள் காதுவரை ஏறி நின்றது.

இந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிக் கதை, சொன்னால் கேட்க ஆள் வேண்டும். முதலில் கைகால் தடவிவிடுகிற வைத்தியர், குழித்துறைப் பக்கம், தைலம் காய்ச்சித் தருவார், வீடே ஒரு வருஷம் அந்த வாடையில் கிடந்தது. பிறகு ஆஸ்பத்திரி, அங்கே பிசியோதெரபி, வாரத்துக்கு இரண்டு நாள், அந்தப் பையன் நல்லவன்தான், காலை மடக்குவான், நீட்டுவான், சஞ்சனா அவன் பாட்டுக்குச் செய்யட்டும் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள், தன் கால் இல்லை அது, அவன் கால் என்பது போல. பிறகு ஸ்பெஷல் ஸ்கூல், அங்கே ஒரு அம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தானா உக்காரட்டும், பொறவு கூட்டிட்டு வாங்க," என்றாள். தானா உக்கார எங்கே சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு மேசையில் இருந்த பேனாவை மூடிமூடித் திறந்தாள். அப்புறம்தான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற யாரோ ஒரு பொம்பிளை, முகம்கூட இப்போது நினைவில் இல்லை, சிவப்பு மூக்குத்தி மட்டும் நினைவிருக்கிறது, "கண்டக்டிவ் எஜுகேஷன்னு ஒண்ணு இருக்காம்லா, ஹங்கேரி தேசத்துப் படிப்பாம், மருந்து மாத்திரை இல்ல, பாடம் மாதிரியாம்," என்றாள். எங்கே என்று கேட்பதற்குள் அவளுடைய டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் கண்டக்டிவ் என்று தேடினால் கரண்டு கடத்துகிற சாமான்தான், வயர் கடையும் செம்புக் கம்பியும் வந்து நின்றது. தேடித் தேடி, சென்னையில் இருக்கிறது என்றார்கள், பெங்களூரில் இருக்கிறது என்றார்கள், கயத்தாற்றில் இருந்துகொண்டு பெங்களூருக்கு எங்கே போக? கடைசியில் பார்த்தால் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில், வாசலில் பலகைகூட இல்லாமல், மருதாணிச் செடிக்குப் பின்னால் இருக்கிறது. இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல்.

"நான் டம்ளரப் பிடிக்கேன், பிடிக்கேன், பிடிக்கேன்." இரண்டு பக்கமும் காது வைத்த பிளாஸ்டிக் டம்ளர், பாதித் தண்ணீர். யாசின் பிடித்துவிட்டான். நடுவில் இருந்த பிள்ளை ஒன்று பிடித்துக் கொட்டிவிட்டு, கொட்டியதைப் பார்த்துச் சிரித்தது. சஞ்சனாவின் வலது கை மேலே எழுந்தது, எழுந்து காற்றில் நின்றது, எங்கே போக என்று தெரியாமல் காதுப் பக்கம் போனது. அங்கே இல்லட்டி, கீழே, கீழே. பிரமுவின் கை தொடைக்கடியில் புரண்டது, ஆணி குத்தியது. உனக்கு எல்லாம் நானே ஊட்டினேன். எனக்கு அவசரம். எனக்கு என்ன அவசரம்? எங்கே போக வேண்டியிருந்தது எனக்கு? கல்யாணத்துக்கா? பத்திரிகை வைக்க வருகிறவர்கள் உள்ளேகூட வருவதில்லை, வாசலிலேயே நின்று, "நீ எங்க வரப்போற, பிள்ளைய வச்சுக்கிட்டு. சுடலைமணிய மட்டும் அனுப்பி வையி, என்ன," என்று அவள் சொல்ல வேண்டியதையும் அவர்களே சொல்லி முடித்து விடுவார்கள். என்ன ஒரு கரிசனம்! வா என்று ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிப்போகும்? வரமாட்டாள் என்று தெரிந்தே சொல்லலாமே. முகூர்த்தப் பட்டு பீரோவில் அந்துருண்டையோடு கிடக்கிறது. புருஷன் சுடலைமணி போய் மொய் எழுதிவிட்டு வருவான், என்ன சாப்பாடு என்று கேட்டால் நல்ல சாப்பாடு என்பான், யார் யார் வந்தார்கள் என்றால் எல்லாரும்தான் என்பான். அந்த எல்லாருக்குள் அவள் இல்லை. நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது, டயர் கம்பெனியில் இருந்து வந்ததும் கை கழுவுவதற்கு முன்னால் வாசலில் நின்றே, "சாப்பிட்டாளா?" என்று கேட்பான். அவள் "ம்" என்பாள். ஆறு வருஷமாக இதுதான் பேச்சு. நீ சாப்பிட்டியா என்று ஒரு நாள் அவன் கேட்டால் என்ன ஆகும் என்று அவள் சில சமயம் யோசித்ததுண்டு. ஒன்றும் ஆகாது. ரெண்டு பேருக்கும் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

டம்ளரின் காதில் விரல் பட்டுவிட்டது. பட்டு, நழுவி, மறுபடி பட்டது. "அஞ்சு," என்றார்கள் எல்லாரும், "ஒண்ணு," என்று மறுபடி ஆரம்பித்தார்கள். சஞ்சனாவின் வாயும் அசைந்தது. "ஒ," என்று ஒரு சத்தம் வந்தது, தொண்டையில் இருந்து இழுத்துக்கொண்டு. பிரமு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வார்த்தை எல்லாம் உள்ளே இருக்கிறதும்மா, வெளியே வர நேரமாகும், பேசிப் பேசித்தான் வரும் என்று டாக்டர் சொன்னது வாஸ்தவம். ஆனால் யார் பேச விட்டது? சஞ்சனாவுக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லையே. கண் மேலே வலது பக்கம் போனால் தண்ணீர். இமையை இரண்டு தரம் மூடித் திறந்தால் 'போதும்' என்று அர்த்தம். மூக்கைச் சுருக்கினால் இந்த ஆளைப் பிடிக்கவில்லை, அது பெரும்பாலும் சுடலைமணியின் அக்காளைப் பார்த்துத்தான் வரும், பிரமு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வருவாள். கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை அகல விரித்தால் ஒண்ணுக்கு, உடனே தூக்க வேண்டும், அதற்குப் பிறகு ஆற அமர நேரம் இல்லை. உலகத்தில் இந்தப் பாஷை பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒரு தடவை பிரமு காய்ச்சலில் கிடந்தபோது சுடலைமணி வந்து நின்று, "ஏட்டி, இவ என்னமோ கேக்கா, எனக்குத் தெரியல," என்றான், பயந்துபோன முகத்தோடு. போர்வைக்குள் கிடந்தபடி அவளுக்கு வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான், இல்லை என்றால் பொய். எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது. அப்படி ஒரு திமிர். காய்ச்சல் இறங்கின பிறகுதான் அதன் மறுபக்கம் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. நான் போய்விட்டால்? இந்தக் காய்ச்சலிலேயே போயிருந்தால்? தண்ணீர் என்று அது மேலே பார்க்கும், பல்லி பார்க்கிறது என்று நினைப்பார்கள். ஊர் நிறைய ஆள் இருக்க, ஒரு ஆளுக்கும் பாஷை தெரியாமல் என் பிள்ளை தாகத்தோடு கிடக்கும். எனக்கு ஒரு நாள் முன்னால் அதை எடுத்துக்கொள் சாமி என்று அவள் கும்பிட்டிருக்கிறாள். எந்தச் சாமியிடம் என்று சொல்ல மாட்டாள். இந்தப் பெஞ்சில் உட்காருகிற எவள் அப்படிக் கும்பிடாதவள்? ரஹ்மத்தைத் திரும்பிப் பார்த்தாள். ரஹ்மத்து யாசினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்தபோது அழவில்லை. எல்லாம் அங்கே ஆரம்பித்தது. இந்தா அழும், இந்தா அழும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், சுற்றி ஆட்கள் ஓடினார்கள், கூரையில் ஒரு காற்றாடி சுற்றியது. இங்கேயும் சுற்றுகிறது, அதே கிரீச்சு, எல்லாக் காற்றாடியும் ஒரே சத்தம்தான் போடுமோ என்னவோ. எவ்வளவு நேரம் கழித்து அழுதது என்று இன்றுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் காத்திருப்பு முடியவே இல்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும், அழுத பிறகும் முடியவில்லை. உட்காருமா, நிற்குமா, அம்மா என்று சொல்லுமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து, பிறகு காத்திருப்பதையே நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் தானே செய்ய ஆரம்பித்துவிட்டாள். இப்போது இந்த டீச்சர் வந்து மறுபடி காத்திரு என்கிறாள். கையைக் கட்டிப்போட்டு வேறு. யாரைக் கேட்டு?

அப்போதுதான் சஞ்சனா திரும்பிப் பார்த்தாள். டம்ளரை விட்டுவிட்டு, கழுத்தை மெதுவாகத் திருப்பி, நேராகப் பெஞ்சுக்கு. கீழுதடு உள்ளே போயிருந்தது. கண் அகன்றிருந்தது.

ஐயோ, இப்பமா? பஸ் ஏறும்முன் கூட்டிப் போனேனே, பஸ் ஸ்டாண்டு வாடையில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வரவில்லை என்றுவிட்டாள். டீச்சர் மறுபக்கம் யாசினுடைய ஸ்டூலைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை, பார்த்தாலும் அவளுக்கு என்ன தெரியும், அவள் என்ன நம்ம பாஷையா பேசுகிறாள்? மூன்றே எட்டு. போய்த் தூக்கி, பின்னால் இருக்கிற அறைக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தால் பிள்ளை மானத்தோடு இருக்கும். இடம் போகும். போகட்டுமே, என்ன பெரிய இடம், நாலு கட்டில். இத்தனை பிள்ளைகள் முன்னால் என் பிள்ளை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா, ஆறு வயசு, எல்லாம் தெரியும் அதுக்கு, வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாலே பாவாடையை இழுத்துவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டும். எந்திரி பிரமு. எந்திரிக்காதே. எந்திரித்தால் அடுத்து எங்கே? பெங்களூரா? திரும்ப விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கவா? நான் போன பிறகு இது யாரைப் பார்த்துக் கண்ணை விரிக்கும்? சஞ்சனாவின் கண் அவளை விட்டு நகரவில்லை. அது கெஞ்சல்கூட இல்லை. சொல்லியாகிவிட்டது, அம்மா வருவாள், அவ்வளவுதான். இந்த நம்பிக்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரஹ்மத்து குனிந்து காதோரமாக, "பாக்காதிய. அந்தால பாருங்க," என்றாள். பிரமு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, தன் மகள் சொன்னது காதில் விழாத மாதிரி, ரோட்டில் போகிறவள் மாதிரி. ஜன்னலில் மருதாணி இலை, அதற்கு அப்பால் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவன் அடிக்க அடிக்க அவள் பார்த்தாள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். திரும்ப அடித்தான். பாவி, நான் பாவி. அழுகை மூக்குவரை வந்தது, துடைக்கக் கையில்லை.

"டீ." பின்னால் ஒரு சத்தம். யாரோ நாற்காலியை இழுத்தது போல. "டீ... ச்." எண்ணிக்கொண்டிருந்த குரல்கள் நின்றன. பிரமு திரும்பவில்லை, திரும்பக் கூடாது. "டீச்... ஒ... ஒண்... ணுக்கு!" கூடம் முழுக்கக் கேட்டது, சர்ச்சுவரை கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம், அவ்வளவு கோபம். இது யாருடைய குரல் என்று பிரமு ஒரு கணம் யோசித்தாள். இவ்வளவு கட்டைக் குரலா என் பிள்ளைக்கு? சொல்லி முடிப்பதற்குள் ஸ்டூலில் இருந்து தரைக்கு ஒழுகிவிட்டது, அந்த வேறு நிறச் சிமென்டின் மேல் பரவியது. எப்சிபா டீச்சர் அதைப் பார்க்கவே இல்லை. "சஞ்சனா கேட்டாச்சு! எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு!" என்று யாசின் கத்தினான். சஞ்சனா நனைந்த பாவாடையோடு சுற்றிலும் பார்த்தாள். வெட்கப்படுவாள் என்று பிரமு பயந்தாள். வெட்கம் இல்லை. மற்ற மூன்று பிள்ளைகளையும் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், வாயைத் திறந்து எச்சில் வழியச் சிரித்தாள். பெஞ்சுப் பக்கம் பார்க்கவே இல்லை. டீச்சரும் அவளும் ஏணி முதுகு வைத்த நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, "நான் நடக்கேன், நடக்கேன்," என்று பின்னறைக்குப் போனார்கள், டீச்சர் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கியிருந்தாள், தூக்காமல். கதவு சாத்திக்கொண்டது. பிரமுவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆறு வருஷத்தில் அவள் இல்லாத ஒரு அறைக்குள் சஞ்சனா போனது இதுதான் முதல் தடவை. கயத்தாற்று வீட்டில் யாரும் கதவைத் தட்டாத மத்தியானங்களில்கூட அவளுக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

மணி ஆகிவிட்டது. டீச்சர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "திங்கக்கிழமையில இருந்து வந்துருங்க," என்றாள், சாதாரணமாக, வேறு பேச்சில்லாமல். ரஹ்மத்து தோளால் ஒரு இடி இடித்தாள். மாற்றுப் பாவாடையில் சஞ்சனா கட்டில் ஓரத்தில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரமு அவள் முன்னால் போய் நின்றாள். சஞ்சனா கண்ணை உயர்த்தி, தாடையை ஒரு பக்கம் சாய்த்தாள். தூக்கு என்று அர்த்தம். பிரமுவுக்குத் தெரியாதா அது? தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். "என்னட்டி வேணும்?" என்றாள். "எனக்குத் தெரியல." சஞ்சனா அவளை உற்றுப் பார்த்தாள், யாரோ புது ஆளைப் பார்க்கிறது போல. இந்தப் பார்வையை ஊரில் எல்லாரிடமும் பிரமு வாங்கியிருக்கிறாள், இவளிடம் வாங்கியதில்லை. இனி இப்படித்தானோ. சஞ்சனா மறுபடி தாடையைச் சாய்த்தாள், இன்னும் அழுத்தமாக. பிரமு தெரியாது என்று தலையை ஆட்டினாள். பிறகு சஞ்சனாவின் உதடு ஒன்றாகக் குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "தூ... க்கு," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "நீ."

அம்மா என்று வரும் என்றுதான் ஒரு காலத்தில் காத்திருந்தாள். வந்தது இதுதான். பிரமு குனிந்து கையை நீட்டினாள். கை வரவில்லை. ஒரு மணி நேரம் அடியில் கிடந்து இரண்டும் மரத்துப்போயிருந்தன, விரலை மடக்கினால் மடங்கவில்லை, தோளில் தொங்குகிறது யார் கையோ. "ஏட்டி, இரு," என்றாள், "கை மரத்துப்போச்சு. தூக்க வரல. கொஞ்சம் இரு." சஞ்சனா அந்தக் கைகளைப் பார்த்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. அவிழ்ந்த சடை முகத்தில் கிடந்தது. பிறகு வாயைத் திறந்து, தொண்டையில் இருந்து இழுத்து இழுத்து, அம்மாவின் கைக்காக எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்... ணு."